தலைப்பிரசவம் தாய்வீட்டில்

வளையல் சத்தம் கேட்டுத்தான் திரும்பிப் பார்த்தேன். இந்த ஊரில் யார் கண்ணாடி வளையல் போடுகிறார்கள்? அதுவும் இரண்டு கையிலும், பாதி முழங்கை வரைக்கும். தமிழ்தானே நீங்கள்? நினைத்தேன். உட்காருங்கள், உட்காருங்கள். ஜன்னலோரம் வேண்டுமானால் தள்ளிக்கொள்கிறேன். இவள் தூங்குகிறாள், தூக்கத்தில் காலை மட்டும் உதைப்பாள். உங்கள் வயிற்றில் படாமல் நான் பிடித்துக்கொள்கிறேன், பயப்படாதீர்கள்.

எட்டாவது மாசமா? ஏழில் வளைகாப்பு வைத்தார்களா? இங்கேயேவா, லெஸ்டரிலேயே! அடேயப்பா. எனக்கு திண்டுக்கல்லில் வைத்தார்கள், எங்கள் அம்மா வீட்டு மாடியில் பந்தல் போட்டு. நீங்கள் ஈரோடு, கோபிப் பக்கமா? பேச்சிலேயே தெரிகிறது. என்னை நீங்கள் அக்கா என்றே கூப்பிடலாம், ஒரு பிள்ளை பெற்றவள் அக்காதானே.

ஏர்போர்ட்டுக்குத்தானே? நானும்தான். அதனால்தான் கேட்கிறேன். தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முன்பின் தெரியாதவள் வாயைத் திறந்ததும் இதைச் சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். நீங்கள் போகக் கூடாது. ஆமாம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகவே கூடாது. வயிற்றுப் பிள்ளைக்காரியிடம் இப்படிச் சொல்லலாமா என்று நானும் யோசித்தேன். இந்தப் பஸ்ஸில் உங்கள் வளையலைப் பார்த்த பிறகு சொல்லாமல் இருக்க முடியவில்லை. என்னிடம் ஒருத்தி சொல்லியிருந்தால் நான் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இல்லை, இருங்கள், நீங்கள் என்ன சொல்ல வருகிறீர்கள் என்று தெரியும். டிக்கெட் போட்டாச்சு, அம்மா காத்திருக்கிறாங்க, அதுதானே? நானும் அதைத்தான் சொன்னேன். முதலில் நான் சொல்லி முடித்துவிடுகிறேன். அப்புறம் நீங்கள் சொல்லுங்கள்.

நாங்கள் இரண்டு பேரும் கல்யாணமான அதே மாசம் சேர்ந்தே வந்தோம். அவர் சாஃப்ட்வேர். அவர் விசாவில் ஒட்டிக்கொண்டு நான், மனைவி என்று. ஐந்து வருஷம் இங்கே இருந்தால் பி.ஆர்., நிரந்தரமாக இங்கேயே இருந்துவிடலாம். உங்களுக்கும் அப்படித்தானே? இன்னும் ஒன்றரை வருஷம் பாக்கியா? எனக்கும் நாள் தள்ளிப்போனபோது அவ்வளவுதான் பாக்கி! அதே ஒன்றரை வருஷம்! பார்த்தீர்களா, கடவுள்தான் உங்களை இந்த சீட்டில் உட்கார வைத்திருக்கிறார்.

நாள் தள்ளிப்போனது என்று தெரிந்ததும் ஊரில் முதல் பேச்சே இதுதான். தலைப்பிரசவம் தாய்வீட்டில். அதில் மாற்றுக்கருத்தே கிடையாது. மாமியார் சொன்னார், நாத்தனார் சொன்னார், நான் முன்னே பின்னே பார்க்காத ஒரு பெரியப்பா போனில் வந்து சொன்னார். எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் அம்மா. அம்மாவை நினைத்தால்தான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. இன்றைக்கும் நான் அம்மாவிடம் சரியாகப் பேசுவதில்லை. இத்தனைக்கும் காரணம் அவங்கதான். "மொதப் புள்ளைய எங்கையிலதான் வாங்கணும்"னு ஒரே அழுகை. "நீ வர முடியலைன்னா நான் வேணா அங்க வரட்டுமா பாப்பா, விசா குடுப்பாங்களாமே, மூணாவது வீட்டு லலிதா போயிட்டு வந்தாளே" என்று அதையும் கேட்டார்கள். அவரிடம் சொன்னேன். "ஒரே ரூம்ல இருக்கோம். உங்கம்மா எங்க படுப்பாங்க, சிங்க் மேலயா?" என்றார். சிரித்துவிட்டேன். சரிதானே? இன்னொரு குடும்பத்தோடு வீட்டைப் பங்கு போட்டுக்கொண்டு இருக்கிறோம். ஒரு அடுப்பு, ஒரு பாத்ரூம். அம்மா வந்து எங்கே இருப்பார்கள்? அம்மாவுக்கு இதெல்லாம் எங்கே புரியும்? பிடிவாதம். அம்மாவின் பிடிவாதத்தில்தான் நான் போனேன்.

ஏழில் போனேன். அதற்கு மேலே போனால் விமானத்தில் ஏற்ற மாட்டேன் என்றுவிட்டால்? வளைகாப்பு, சீர், சாப்பாடு. எங்கள் கான்வென்ட் சிஸ்டர் பிலோமினாகூட வந்து என் கையில் இரண்டு வளையல் போட்டார்கள். நான் திண்டுக்கல்லில் கான்வென்ட்டில் படித்தவள். எலக்யூஷனில், அதுதான் இங்கிலீஷ் பேச்சுப் போட்டியில், மூன்று வருஷம் தொடர்ந்து கப் வாங்கினேன். சும்மா சொல்லவில்லை, கப் இப்போது கீழே பெட்டியில்தான் இருக்கிறது. மேடை ஏறினால் வாய் தடுமாறவே தடுமாறாது. சிஸ்டர் சொல்வார்கள், "இவ பேசினா வெள்ளைக்காரியே நின்னு கேப்பா" என்று. ஆனால் கிளாஸில் கையைத் தூக்கிக் கேள்வி கேட்டால் பிடிக்காது அவர்களுக்கு. "நல்ல பொண்ணு சொன்னதைக் கேப்பா, சும்மா தொணதொணன்னு கேக்க மாட்டா." நான் நல்ல பெண்தான். நன்னடத்தைக்கு எப்போதும் ஏ கிரேடு.

அதனால் கேட்கவில்லை. எத்தனை மாசம் வெளியே இருக்கலாம் என்று நான் கேட்கவேயில்லை.

கேளுங்கள் இதை. ஐந்து வருஷம் இருந்தால் மட்டும் போதாது. நடுவில் எந்த ஒரு வருஷத்தை எடுத்துப் பார்த்தாலும் ஆறு மாசத்துக்கு மேல் வெளியே இருந்திருக்கக் கூடாது. இருந்தால் போச்சு. அம்மா வீட்டுக் கணக்கு என்ன? ஏழில் போகணும். பிள்ளை பிறக்க இரண்டு மாசம். அப்புறம் ஐந்தாம் மாசம்தான் மாமியார் வீட்டிலிருந்து வந்து, தாம்பாளம் வைத்து, குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு போவார்கள். கூட்டிப் பாருங்கள். ஏழு மாசம் ஆகிறதா இல்லையா? நம்ம வழக்கமே இவர்களுடைய சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. இதை எந்தப் பெரியப்பாவும் போனில் வந்து சொல்லவில்லை.

பிள்ளை பிறந்து மூன்று மாசத்திலேயே நான் வந்துவிட்டிருக்கலாம். நானே சொன்னேன் அவரிடம், வந்துவிடட்டுமா, உங்களை விட்டு இருக்க முடியவில்லை என்று. "கழுத்து நிக்கட்டும். அவ்வளவு தூரம் ஃப்ளைட்ல பச்சப்புள்ளைய எப்படித் தூக்கிட்டு வருவ? மெதுவா வா." அக்கறை. குழந்தைக்கு விசா போடணுமே என்றேன். "ஆபீஸ்ல ரிலீஸ் போயிட்டிருக்கு, அடுத்த மாசம் போடறேன்." அடுத்த மாசம், அதற்கடுத்த மாசம். கடைசியில் நான் திரும்பி வரும்போது எட்டு மாசம் முடிந்துவிட்டது.

அவரும் பாவம், என்ன செய்வார்? பிள்ளை பிறந்தபோது பார்க்க வந்தாரே, ஒரே வாரம்தான். எங்கள் வீட்டில் எல்லோரும் இன்னும் ஒரு வாரம் இருங்கள் மாப்பிள்ளை என்று கெஞ்சினார்கள். தொட்டில் போடும் வரைக்குமாவது இருங்கள் என்று எங்கள் அப்பா கையைப் பிடித்துக்கொண்டார். "இல்ல மாமா, நான் வெளிய இருக்கிற ஒவ்வொரு நாளும் கணக்கு. பி.ஆர். சிக்கலாயிடும்" என்று கிளம்பிவிட்டார். அவ்வளவு பொறுப்பு. போனில் ஒரு கட்டம் போட்டு வைத்திருப்பார், எந்தத் தேதியில் வெளியே போனார், எந்தத் தேதியில் உள்ளே வந்தார் என்று. அப்பாவே சொன்னார், "மாப்பிள்ளை விவரமானவரு, உனக்குக் கவலையே இல்ல" என்று.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? குழந்தையா? எழுந்துவிட்டாளா? இல்லை, கண்ணைத் திறந்து பார்க்கிறாள், அவ்வளவுதான். இனியா, இங்க பாரு, அத்தை. அத்தை கையில வளையல் பாரு. வளையல் என்றால் உயிர் இவளுக்கு. பிடித்தால் விட மாட்டாள், ஜாக்கிரதை, உடைத்துவிடுவாள்.

போன மாசம் அவருக்கு வந்துவிட்டது. பி.ஆர். மெயிலைத் திறந்து படித்துவிட்டு அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். நான் ரவை கிளறி எல்லோருக்கும் கேசரி கொடுத்தேன். அப்புறம்தான் கேட்டேன், நமக்கு என்று. எனக்கும் இவளுக்கும் என்று. அவருக்கு விண்ணப்பம் போட்ட வக்கீலம்மா சொன்னார்களாம், உங்க மனைவி எட்டு மாசம் வெளியே இருந்திருக்காங்க, அவங்களுக்கு வராது, அவங்களுக்கு மறுபடியும் முதலிலிருந்து ஐந்து வருஷம் என்று. அப்பா அம்மா இரண்டு பேருக்கும் வந்தால்தான் குழந்தைக்கு. அதனால் இவளுக்கும் இல்லை. கையில் கேசரிக் கிண்ணத்தோடு நின்றேன். ஒரே அறையில் மூன்று பேர். ஒருத்தர் இந்த நாட்டுக்காரர் மாதிரி ஆகிவிட்டார், இரண்டு பேர் இல்லை.

அன்றிலிருந்து எனக்குப் பயம்தான். என்ன பயம் என்றால், எல்லாம். கதவில் தபால் விழுகிற சத்தம் கேட்டால் அறைக் கதவைச் சாத்திக்கொள்வேன். போலீஸ்காரர் எதிரே வந்தால் தள்ளுவண்டியை அடுத்த தெருவுக்குத் திருப்பிவிடுவேன். இவளுக்கு ஜுரம் வந்தபோது ஆஸ்பத்திரிக்குப் போகலாமா கூடாதா என்று மணிக்கணக்காக யோசித்தேன், பாவி. போகலாம் என்று அப்புறம் கீழ் வீட்டம்மா சொன்னார்கள். உரிமையோடு போகலாம், விசா இருக்கிறவரைக்கும். இருக்கிற வரைக்கும்! எங்கள் விசா இந்த மாசக் கடைசியோடு முடிகிறது.

அவரிடம் எதையும் கேட்க எனக்கு வருவதில்லை. கேட்டால் கோபப்பட மாட்டார். அதுதான் கஷ்டம். சத்தம் போட்டால்கூடப் பதிலுக்கு ஏதாவது சொல்லலாம். "பாத்துக்கலாம்" என்பார். அவ்வளவுதான். பேங்கில் வெள்ளைக்கார மேனேஜரிடம் நிமிர்ந்து நின்று பேசுவேன். இவர் முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஆகிவிடுகிறேன்.

ஆனால் பார்த்துக்கொண்டார், அதையும் சொல்லணும். எனக்கும் இவளுக்கும் விசாவை நீட்டிக்க ஆன்லைனில் அவரே விண்ணப்பம் போட்டார். போன வாரம் போய்க் கைரேகை கொடுத்தோம். கொடுத்துவிட்டு வந்து நிம்மதியாக உட்கார்ந்திருக்கிறேன், அவர் வந்து, "டிக்கெட் போட்டுட்டேன். இனியாவுக்கு வருஷம் முடியப்போகுது. குலதெய்வத்துக்கு மொட்டை அடிச்சு, உங்கண்ணன் மடியில வெச்சுக் காது குத்திட்டு வந்திடு" என்கிறார். எனக்கு ஒரே சந்தோஷம்! ஊரை நினைத்து இல்லை. அவராகவே என்னைப் பற்றி யோசித்திருக்கிறாரே என்று. பெட்டிகூட அவர்தான் அடுக்கினார். இரண்டு பெட்டி. இரண்டு மாசத்துக்கு எதுக்குங்க குளிர் கோட்டு என்றால், "இருக்கட்டும், இங்க இடத்த அடைக்குது" என்கிறார். இவள் துணி எல்லாம், சின்னதாகிப்போன துணிகூட. என் சர்டிபிகேட்டுகள், அந்த எலக்யூஷன் கப்புகள். "உங்கம்மா வீட்ல பத்திரமா இருக்கும்" என்றார். அலமாரியில் என் பக்கம் துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது. ஆண்பிள்ளைகளுக்குப் பெட்டி அடுக்கத் தெரியுமா சொல்லுங்கள்? எது தேவை, எது தேவையில்லை என்றே தெரியாது.

திரும்பி வருகிற டிக்கெட்டா? அது இன்னும் போடவில்லை. தேதி தெரியாமல் எப்படிப் போடுவது? முடிவு வந்ததும் போடுவார்.

இன்றைக்குக் காலையில் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்து ஏற்றிவிட்டார். ஏர்போர்ட் வரை வர லீவு இல்லை. என் பையைத் திறந்து பாஸ்போர்ட் இருக்கிறதா, பால் பாட்டில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். வீட்டுச் சாவியை மட்டும் எடுத்துக்கொண்டார். "அங்க போய்த் தொலைச்சிடுவ" என்றார். அவ்வளவு கவனம். இவளுக்கு முத்தம் கொடுத்தார். ரொம்ப நேரம் தூக்கி வைத்திருந்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. டிரைவர் ஹார்ன் அடித்த பிறகுதான் கொடுத்தார்.

சரி, என் கதையை விடுங்கள். என் கதை நடந்தது நடந்துவிட்டது. நான் சொல்ல வந்தது உங்களுக்கு. இறங்கினதும் உங்கள் வீட்டுக்காரருக்கு போன் போடுங்கள். டிக்கெட் போனால் போகட்டும். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசத்தான் செய்வார்கள். அம்மா அழுவார்கள். அழட்டும். என் அம்மாவின் அழுகையைக் கேட்டுத்தான் நான் இப்படி ஆனேன். உங்கள் பெட்டியை இறக்கவே சொல்லாதீர்கள். எத்தனை பெட்டி உங்களுக்கு?

இந்தக் கைப்பை மட்டுமா?

கைப்பை மட்டும் எடுத்துக்கொண்டா பிரசவத்துக்குப் போகிறீர்கள்?

என்னது?

ஐயோ. அம்மாவை அழைத்துவரவா போகிறீர்கள்? உங்கள் அம்மா வருகிறார்களா? இங்கே, பிரசவம் பார்க்க? இதை முதலிலேயே... ஆமாம், ஆமாம், நான் எங்கே உங்களைப் பேச விட்டேன். இவ்வளவு நேரமாக வாயை மூடிக்கொண்டு கேட்டீர்களே. உங்களுக்கு எல்லாம் தெரிந்துதான் இருந்ததா, இந்த ஆறு மாசக் கணக்கு? உங்கள் வீட்டுக்காரர் முதலிலேயே பார்த்துச் சொன்னாரா. ஒரே ரூம்தானா உங்களுக்கும்? அப்போ அம்மா எங்கே... ஓ. நீங்களும் அம்மாவும் கட்டிலில். அவர் கிச்சனில் பாய் விரித்து. சரி. சரி. அப்படியும் செய்யலாம், இல்லையா.

எனக்குச் சிரிப்புதான் வருகிறது. வண்டி ஏறினதிலிருந்து உங்களைக் காப்பாற்றிக்கொண்டே வந்திருக்கிறேன்.

என்ன கேட்டீர்கள்?

எங்கள் விண்ணப்பத்துக்கா? இல்லை, முடிவு இன்னும் வரவில்லை. போன வாரம்தானே கைரேகை கொடுத்தோம். வரும், மெயிலில் வரும். ஊருக்கே வரும். அவர் அனுப்பிவிடுவார்.

இல்லை. அப்படியெல்லாம் இருக்காது. யார் சொன்னது உங்களுக்கு?

முடிவு வருவதற்குள் நாட்டை விட்டுப் போனால் விண்ணப்பம் தானாகவே ரத்தாகிவிடுமா? எனக்கா? இவளுக்கும் சேர்த்தா? உங்கள் அண்ணிக்கு நடந்ததா?

இருங்கள். கைரேகை எடுத்த இடத்தில் அந்தப் பெண்ணும் ஏதோ சொன்னாள். தலையில் துணி கட்டிய பெண். "முடிவு வரும்வரை பயணம் செய்யாதீர்கள்" என்று என்னைப் பார்த்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று நினைத்துக்கொண்டு இப்படிப் பேசுகிறாளே என்று எனக்கு ரோஷம்கூட வந்தது. வெளியே வந்து அவரிடம் சொன்னேன். "அது எல்லாருக்கும் சொல்ற பாட்டு" என்றார். அப்போது டிக்கெட் போட்டிருக்கவில்லை. இல்லை, போட்டிருந்தாரா? அன்றைக்குச் சாயங்காலம்தான் என்னிடம் சொன்னார்.

அவருக்குத் தெரியாமல் இருக்கும். பாவம், வேலை, அலைச்சல். இதெல்லாம் எங்கே படித்திருக்கப் போகிறார்? தெரிந்தால் போகச் சொல்லுவாரா, சொல்லுங்கள்? பெற்ற பிள்ளையை? எல்லா விதியும் ஒருத்தருக்குத் தெரிந்திருக்குமா? அவருக்கு அவருடையது தெரியும், அவ்வளவுதான். ஒரு நாள்கூட அதிகமாக வெளியே இருக்கக் கூடாது என்று அவ்வளவு கவனமாக...

ஒரு நிமிஷம். போன் போடுகிறேன். இவளைக் கொஞ்சம் பிடியுங்கள்.

எடுக்கவில்லை. மீட்டிங்கில் இருப்பார்.

இதோ மெசேஜ் வருகிறது. பாருங்கள், உடனே அனுப்பிவிட்டார். "ரீச் ஆயிட்டியா? போர்டிங் பாஸ் வாங்கினதும் போட்டோ அனுப்பு."

போட்டோ எதற்கு?

நான் திரும்பிப் போகிறேன். ஆமாம். போய் அவரிடம் சொல்கிறேன், நல்ல வேளை, ஒரு புண்ணியவதி பக்கத்தில் உட்கார்ந்தாங்க, சொன்னாங்க என்று. சந்தோஷப்படுவார். மொட்டை அடுத்த வருஷம் அடித்துக்கொள்ளலாம், சாமி கோபிக்காது. அவர் ஆபீஸிலிருந்து வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். போய் உலை வைத்து, ரசம் வைத்து, இவளைக் குளிப்பாட்டி... கதவைத் திறந்ததும் எங்களைப் பார்த்தால்...

சாவி.

தொலைத்துவிடுவேன் என்றுதான் வாங்கிக்கொண்டார். நான் இதுவரை ஒரு பொருளைத் தொலைத்ததில்லை. மூன்று வருஷக் கப்பும் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட பேட்ஜ்கூட வைத்திருக்கிறேன்.

என்ன இது, இருட்டாகிவிட்டது? சுரங்கப்பாதையா? இதைத் தாண்டினால் ஏர்போர்ட் என்றார் அவர். எல்லோரும் எழுந்து பையை எடுக்கிறார்கள். உங்கள் அம்மா இறங்கியிருப்பார்கள், வாசலில் உங்கள் முகத்தைத் தேடுவார்கள். நீங்கள் போங்கள். முதல் தடவையாக விமானம் ஏறி வருகிறவர்கள், பயந்துவிடுவார்கள்.

இல்லை. போகாதீர்கள். கொஞ்சம் இருங்கள். இவளும் உங்கள் வளையலை விட மாட்டேன் என்கிறாள், பாருங்கள். விடு இனியா. விடுடி செல்லம்.

டிரைவரிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். லெஸ்டருக்குத் திரும்பிப் போகிற வண்டி எப்போது, எங்கே நிற்கும் என்று. ஒரே ஒரு வாக்கியம். மேடையில் நின்று மூன்று வருஷம் பேசியவள் நான். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு வர மாட்டேன் என்கிறது. நீங்கள் கேட்கிறீர்களா?